நான்காம் நாள் ஏறிய சிஸ்டம்

பல்லடம் சாலையில் இருந்த என் கம்ப்யூட்டர் கடைக்கு அவர் புருவத்தில் பஞ்சோடு வந்தார். துணி பின்னும் நிட்டிங் மெஷினின் ஆபரேட்டர். மெஷினுக்கு டிசைன் கொடுக்கும் பழைய கம்ப்யூட்டர் பழுதாகிவிட்டது. அதிலிருந்த டிசைன் சாஃப்ட்வேர் புதிய கம்ப்யூட்டர்களில் ஓடாது. மூன்று நாளில் சரியாகாவிட்டால் மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார். மெஷினோடு இவர் வேலையும் போகும்.

பழைய கம்ப்யூட்டரைப் போலவே இயங்கும் எமுலேட்டரைப் புதியதில் போட்டு, அதற்குள் அந்தக் காலத்து ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஏற்றினேன். பாதியில் நின்றது. மறுபடியும் நின்றது. அவர் தினமும் ஷிப்ட் முடிந்து வந்து பக்கத்தில் உட்காருவார். நிற்கும்போதெல்லாம், “பரவால்லீங்க, இன்னொருக்கா பாக்கலாமுங்க” என்பார்.

எமுலேட்டருக்கு, அந்தப் பழைய சிஸ்டம் தாங்காத அளவுக்கு மெமரி கொடுத்திருந்தது நான்காம் நாள்தான் எனக்கு உறைத்தது. குறைத்தேன், சிஸ்டம் ஏறிவிட்டது; பழைய டிஸ்கிலிருந்து எடுத்துப் போட்ட சாஃப்ட்வேரும் டிசைன்களும் திறந்தன.

மதியம் வந்தவரிடம், “ஓடுதுங்க” என்றேன்.

“மெஷின காத்தாலயே லாரில ஏத்திட்டாங்க.”

“மொத நாளே எனக்குத் தோணியிருக்கோணும். ஒரே ஒரு நம்பர்தானுங்க மாத்துனேன்.”

“உடுங்க. நீங்க வேணும்னா பண்ணுனீங்க?”

பிறகு உட்கார்ந்து, தன் டிசைன்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டுப் போனார். அப்புறம் அவரைப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.