எதிராளிக்குக் கேட்டிருக்க வேண்டும்

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் ஆறு பேர். நான். என்னோடு ஆடியவர், வெளியூர்க்காரர்களுக்கு ஸ்கூட்டர் வாடகைக்கு விடுகிற கடை வைத்திருப்பவர். ஸ்னூக்கர் கிளப் முதலாளி. பக்கத்து மேஜையில், அரியாங்குப்பத்திலிருந்து சேர்ந்தே வரும் மாமனும் மச்சானும். ஏசிக்காகவே வந்து சுவரோரம் உட்காரும் பிரெஞ்சு அரசாங்கத்தின் பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர். இதில் சிரித்தவர்கள் நான்கு பேர். முதலாளி மட்டும் மாடிப்படியில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். யார் எவ்வளவு நேரம் சிரித்தார்கள் என்பதுகூட எனக்கு நினைவிருக்கிறது.

முதலியார்பேட்டையில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே இருக்கிறது அந்தக் கிளப். ஸ்னூக்கர் என்று போர்டு போட்டிருந்தாலும் நாங்கள் ஆடுவது ஸ்னூக்கர் இல்லை. ஆடுகிற விளையாட்டின் பெயரைத் தமிழில் உச்சரித்து வீட்டில் சொல்ல முடியாது. அதனால் எல்லோருமே ஸ்னூக்கர் என்று சொல்லிக்கொள்கிறோம். முதலாளி பிரான்சில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அங்கே பழகிய ஒரு ஆட்டத்தை இங்கே புகுத்தினார். எந்தப் பந்தை வேண்டுமானாலும் அடிக்கலாம், விழுந்தால் ஒரு புள்ளி. ஆனால் எந்தப் பந்து, எந்தக் குழி என்று முன்னாலேயே சொல்ல வேண்டும். யாராவது சொல்ல மறந்தால் முதலாளி உட்கார்ந்த இடத்திலிருந்தே "அனோன்ஸ்?" என்பார். அறிவித்தாயா என்று அர்த்தமாம். அதுவே பெயராகி, அனோன்ஸ் ஆட்டம் என்றால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். மேஜை காலியானால் பந்துகளை மறுபடி அடுக்குவோம்; ஐம்பது எடுத்தவர் ஜெயித்தவர். கூடவே முதலாளி போட்ட சட்டம் ஒன்று: சொன்னது எதிராளிக்குக் கேட்டிருக்க வேண்டும்.

நான் நாற்பத்தொன்பதில் இருந்தேன். ஒரே ஒரு பந்து. இரண்டாயிரம் ரூபாய் பந்தயம். என் வண்டி டயருக்கு எடுத்து வைத்த பணம். பச்சைப் பந்து, இடது மூலை என்று சொன்னேன். குனிந்தேன், அடித்தேன், விழுந்தது.

"இன்னா சொன்ன?" என்றார் ஸ்கூட்டர்காரர்.

"பச்சை, இடது மூலைண்ணே."

"எனக்குக் கேக்கல."

"பக்கத்துலதானண்ணே நின்னீங்க."

"நின்னேன். உன் வாயி அசைஞ்சுது, சத்தம் வரல. மியூட்டுல கீது போல."

அதற்குத்தான் நான்கு பேரும் சிரித்தார்கள். அதற்கு முன்னால் நான் அடித்த நாற்பத்தொன்பது பந்துக்கும் அவருக்குக் காது கேட்டிருந்தது. முதலாளி உள்ளே வந்து இருவரையும் பார்த்தார். "எதிராளிக்குக் கேக்கலன்னா செல்லாது" என்று பச்சைப் பந்தை எடுத்து மேஜையில் வைத்தார். அதன் பிறகு என் முறை வந்தும் ஒன்றும் விழவில்லை. ஸ்கூட்டர்காரர் ஐம்பதைத் தொட்டார், இரண்டாயிரத்தை எண்ணாமல் சட்டைப்பையில் வைத்தார்.

அன்றிலிருந்து என் பெயர் மியூட்டு. நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன், தண்ணீர் கேன் போடுகிறவன். பட்டப்பெயர் எனக்குப் புதிதல்ல. ஆனால் இது டீக்கடை வரைக்கும் வந்தது. கேன் வாங்குகிற ஒரு வீட்டம்மா வெள்ளந்தியாக "மியூட்டுங்கறது உங்க வீட்டுப் பேரா?" என்று கேட்டார். ஸ்கூட்டர்காரர் கடைக்கும் நான்தான் கேன் போடுகிறேன். லோடில் நசுங்கிய கேனாகத் தேடி அவர் கடை வாசலில் வைத்தேன். அது போதவில்லை. அதே மேஜையில், அதே சட்டத்தில், சிரித்த அத்தனை பேர் முன்னாலும் அவர் தோற்க வேண்டும். அவர் பையிலிருந்து பணம் வர வேண்டும்.

மத்தியானம் லோடு முடிந்ததும் கிளப்பில் ஆள் இருக்காது, மேஜைக்குப் பாதி வாடகைதான். முதலில் கோபத்தில் பந்துகளைக் கலைத்துவிட்டுக் கண்டபடி அடித்தேன். ஒவ்வொரு பந்தும் அவர் முகம். பலமாக அடிக்க அடிக்க, குழியின் உதட்டில் முட்டிப் பந்து வெளியே வந்தது. இருந்ததையும் கெடுத்துக்கொண்டேன்.

போனைச் சாய்த்து வைத்து வீடியோ எடுத்துப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. அடித்த கையோடு தலையைத் தூக்கி, யார் பார்க்கிறார்கள் என்று பார்க்கிறேன்; யாருமே இல்லாத அறையில். அதைவிட மோசம், குனிந்த பிறகு மனதை மாற்றுகிறேன். மூலை என்று நினைத்துக் குனிந்து, நடுக்குழி சுலபமோ என்று யோசித்து, இரண்டுக்கும் நடுவே அடிக்கிறேன். நான் அப்படித்தான். வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பி, கேஸை மூடினோமா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வருகிறவன்.

அதன்பின் எல்லாப் பந்தையும் கொட்டுவதை விட்டேன். மூன்று பந்து மட்டும். கடைசியாக எதை அடிப்பது என்பதை முதலில் முடிவு செய்வேன், பிறகு அதற்கு முந்தையது. நிமிர்ந்து நின்று சத்தமாகச் சொல்வேன்: "சிவப்பு, வலது மூலை." சொன்ன பிறகு மாற்றக் கூடாது, மாறினால் மூன்றையும் மறுபடி வைக்க வேண்டும். பந்து விழும் சத்தம் கேட்கும்வரை முகவாயைக் குச்சியிலிருந்து எடுக்கக் கூடாது. மூன்று சரியாக வந்ததும் ஐந்து, ஐந்து வந்ததும் எட்டு. வாயால் சொல்லிவிட்ட பிறகு கவலைப்பட ஒன்றும் மிச்சமில்லை என்பது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. கவலையெல்லாம் சொல்வதற்கு முன்னாலேயே தீர்ந்துவிடுகிறது.

பழக்கம் வீட்டுக்கும் வந்தது. ஒரு நாள் காலை டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு எதையோ சொல்லியிருக்கிறேன்.

"எந்த மூலை? யார்ட்ட பேசுறீங்க?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல."

"சட்னிய அந்த மூலைல வக்கணுமா, இந்த மூலைல வக்கணுமா? சொன்னா கரெக்டா வச்சுடுவேன்."

கேன் இறக்கும்போது ஸ்கூட்டர்காரரிடம் கேட்டேன். "ஐம்பதுக்கு ஒரு ஆட்டம். ஐயாயிரம். ஞாயித்துக்கிழம."

"மியூட்டு வாயத் தொறந்துடுச்சுடா" என்று கடைப் பையனிடம் சொன்னார். பிறகு, "துட்ட எடுத்துனு வா" என்றார்.

மாமன் மச்சானை நானே போன் போட்டு அழைத்தேன். பென்ஷன்காரரிடம் ஏசியைக் கூட்டி வைக்கச் சொல்கிறேன், வாருங்கள் என்றேன். சாட்சிக்கு அல்ல. சிரித்தவர்கள் பார்க்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு தடவை பாத்ரூம் போய்வந்தேன். கரண்ட் போய்விடுமோ, குச்சியின் முனை கழன்றுவிடுமோ என்று பயம். ஆனால் மேஜையருகே நின்று முதல் பந்தைச் சொன்னபோது கீழே மருந்துக் கடையில் மாத்திரை வாங்கியவருக்கே கேட்டிருக்கும். மச்சான், "செவுடு கூட எழுந்து வந்துடுவான்யா" என்றார்.

அவர் நன்றாகவே ஆடினார். நாற்பத்திரண்டு எடுத்திருந்தார், நான் முப்பத்தேழு. அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆட்டம் சூடு பிடித்தால் வாயால் சொல்ல மாட்டார், முகவாயால் குழியைக் காட்டுவார். முப்பத்தேழு பந்தும் இதற்காகவே காத்திருந்தேன். முகவாயைத் தூக்கினார், அடித்தார், விழுந்தது.

"கேக்கல" என்றேன்.

"இன்னாது?"

"நீங்க சொன்னது எனக்குக் கேக்கலண்ணே."

"டேய், காட்டினேன்ல. நீ பாத்தல்ல?"

"பாத்தேன். கேக்கல."

முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அனோன்ஸ் பண்ணீங்களா?"

"மூஞ்சியால காட்டினேன்யா."

"மூஞ்சி பேசாதுங்க" என்று பந்தைத் திரும்ப எடுத்து வைத்தார். இந்த முறை மாமன் சிரித்தார், மச்சானும் சிரித்தார். பென்ஷன்காரருக்கு இருமலே வந்துவிட்டது. அந்தச் சிரிப்பை நான் அவசரப்படாமல் நின்று கேட்டேன். எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை, இன்றைக்கும் இல்லை.

சுண்ணாம்புக் கட்டியைக் குச்சியில் தேய்த்துவிட்டு வந்தேன். ஒவ்வொன்றாகச் சொல்லி எட்டுப் பந்து எடுத்தேன். அடுத்ததற்கு வழியில்லாததால் அவருக்கும் அடிக்க வசதியில்லாதபடி வெள்ளைப் பந்தை ஓரத்தில் ஒட்டி விட்டேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே அடித்தார். நான் முன்பு அடித்த மாதிரி, பலமாக. பந்து உதட்டில் முட்டி வெளியே வந்தது. நான் மேலும் நான்கு எடுத்தேன். நாற்பத்தொன்பது.

மஞ்சள் பந்து, அவர் நின்ற பக்கத்து மூலை. சொன்னேன். குனியவில்லை.

"கேட்டுச்சாண்ணே?"

அவர் தன் குச்சியின் முனையைத் துடைத்தார்.

"உங்களுக்குக் கேக்கணும்ல. கேட்டுச்சா?"

முதலாளி அவரைப் பார்த்தார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். நான் குச்சியைத் தரையில் ஊன்றி நின்றேன்.

"கேட்டுது, அடி" என்றார்.

முகவாயை எடுக்காமல் இருந்தேன். பந்து விழும் சத்தம் கேட்டது.

அவர் பையிலிருந்து இரண்டாயிரம் எடுத்து மேஜை விளிம்பில் வைத்தார். "மிச்சத்த போன்ல போட்டுடுறேன்" என்றார். போடவில்லை. வாரத்துக்கு இரண்டு தடவை அவர் கடைக்குக் கேன் போடுகிறேன். ஸ்கூட்டர் எடுக்க வந்த பெங்களூர்க்காரர்கள் நிற்கும்போது, அனோன்ஸ் பண்ணுகிற குரலில்தான் பாக்கியைக் கேட்கிறேன். "மெதுவாப் பேசுப்பா, கஸ்டமர் கீறாங்க" என்கிறார். மெதுவாகப் பேசினால் அவருக்குக் கேட்காது என்கிறேன். கேன் காசு தனி. ஆட்டக் காசில் அவர் இன்னும் மூவாயிரம் ரூபாய் தர வேண்டும்.