கூட்டும் வாரம்: போடன்சே ஏரிக்கரையில் முதல் நான்கு நாள்

நவம்பர் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை காலை, மனோர் பார்க்கில் அண்ணை வீட்டிலிருந்து இரண்டு சூட்கேசுகளுடன் புறப்பட்டேன். ஜெர்மனியின் தெற்கே, போடன்சே ஏரிக்கரையில் உள்ள ஒரு சிறு நகரத்துக்குப் பயணம். அங்கே விமான உதிரிப்பாகங்கள் செய்யும் நிறுவனத்தில் தரப் பரிசோதனை வேலை கிடைத்திருந்தது. வேலை தொடங்க இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் இருந்தது. நாற்பத்து நான்கு வயதில், அரைகுறை ஜெர்மன் மொழியோடு, தனியாக ஒரு பெண்ணுக்கு இதெல்லாம் தேவையா என்று கேட்காத ஆளில்லை. விவாகரத்துக்குப் பிறகு ஆறு வருடம் அண்ணை வீட்டில் பொக்ஸ் ரூம் என்கிற சின்ன அறையில் இருந்தேன். எனக்கென்று ஒரு வாசற்கதவு வேண்டும் என்பதற்காகத்தான் இந்த வேலைக்கு விண்ணப்பித்தேன். சம்பளம் லண்டனில் வாங்கியதைவிடக் கொஞ்சம் குறைவு.

ஊரின் பெயரை எழுதவில்லை. அங்கே என் வீட்டுக்கார அம்மாவின் பேத்தி இதை மொழிபெயர்த்துப் பார்க்கக்கூடிய ஆள்.

போகிறவர்களுக்கு வழி சொல்கிறேன். மனோர் பார்க்கிலிருந்து ஹீத்ரோவுக்கு எலிசபெத் லைனில் ஒன்றேகால் மணி நேரம். சூரிச் வரை விமானம். விமான நிலையத்தின் அடியிலேயே ரயில் நிலையம் இருக்கிறது; ரொமன்ஸ்ஹோர்ன் போக ஏறக்குறைய ஒரு மணி நேரம், முப்பது பிராங்குக்குள் முடிந்தது. அங்கே கப்பல் துறை ரயில் மேடைக்கு எதிரேயே. ஏரியைக் கடக்க முக்கால் மணிக்குக் கொஞ்சம் குறைவு. மேல்தட்டில் நின்றால் ஆல்ப்ஸ் மலை தெரியும் என்று எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது மூடுபனி மட்டும். இருபத்து மூன்று கிலோ சூட்கேஸ் இரண்டையும் தூக்கித் தூக்கித் தோள் கழன்றுபோயிருந்தது. அதில் பாதி அண்ணி கட்டித்தந்த மிளகாய்த்தூளும் புட்டு மாவும்.

வீட்டுக்குப் போய்ச் சேர ஆறு மணி. நன்றாக இருட்டிவிட்டது. மூன்று மாடி வீடு; கீழே எழுபது வயது வீட்டுக்கார அம்மா, நடுவில் ஒரு இளம் தம்பதி, மேலே நான். முதல் மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாகத் தருவேன் என்று முன்பே சொல்லியிருந்தார். அதோடு, நான் அங்கே குடியிருக்கிறேன் என்று அவர் கையெழுத்துப் போட்டுத் தந்தால்தான் செவ்வாய்க்கிழமை நகராட்சியில் பதியலாம். பதிவில்லாவிட்டால் வங்கிக் கணக்கில்லை, வேலையும் தள்ளிப்போகும்.

என் கதவுக் கைப்பிடியில் ஒரு சின்ன மரப்பலகை தொங்கியது. அந்த அம்மா அதைக் காட்டி, படிக்கட்டைக் காட்டி, கூட்டுகிற மாதிரிக் கையால் செய்து, "இன்று" என்றார். அந்தப் பக்கத்தில் இதற்குக் கேர்வோஹ என்று பெயர், அதாவது கூட்டும் வாரம். பலகை யார் கதவில் தொங்குகிறதோ, பொதுப் படிக்கட்டைச் சுத்தம் செய்வது அந்த வாரம் அவர்கள் முறை. சனிக்கிழமையோடு முடித்துவிட வேண்டும். "யா, யா" என்று தலையாட்டினேன்.

உள்ளே போனதும் செய்த முதல் வேலை, சூட்கேசிலிருந்து காமாட்சி விளக்கை எடுத்து ஏற்றியது. புது வீடல்லவா! ஏற்றிய பிறகுதான் பலகை நினைவுக்கு வந்தது. விளக்கு வைத்த பிறகு எங்கள் வீடுகளில் யாரும் தும்புத்தடியைத் தொடுவதில்லை. லண்டனில் முப்பது வருடம் இருந்தும் நான் தொட்டதில்லை. அதுவும் முதல் நாளில், முதல் விளக்கில், சீதேவியைக் கூட்டித் தள்ளுவதா? விடியக் கூட்டினால் போயிற்று என்று படுத்துவிட்டேன்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு மூன்று மாடியும் கூட்டினேன். வாளியை ஒவ்வொரு படியிலும் வைத்து எடுத்துத் துடைத்தேன். கால்மிதிகளைக் கைப்பிடிச் சுவரில் அடித்துத் தூசி தட்டினேன். இந்தச் சுத்தத்தைப் பார்த்தால் அந்த அம்மா இன்றைக்கே கையெழுத்துப் போடுவார் என்று எனக்குள் ஒரு பெருமை வேறு. கதவு திறந்தது. இரவு உடுப்போடு வந்தவர், "ஞாயிற்றுக்கிழமை!" என்று ஒரே சொல் சொன்னார். என் கையிலிருந்த தும்புத்தடியை வாங்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். அங்கே ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாள். சத்தம் போட்டு எந்த வேலையும் செய்யக்கூடாது என்பது பிறகு தேடிப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

அன்றைக்குக் கடை ஒன்றும் திறக்கவில்லை. விமானத்தில் மிச்சம் பிடித்த பாண் ரொட்டியை, அண்ணி தந்த கத்தரிக்காய் மோஜு ஊறுகாயுடன் சாப்பிட்டேன். ஏரிக்கரையில் நடந்தேன், வாத்துகள், வயதான சோடிகள், பூட்டிய ஐஸ்கிரீம் கடை. அழுகை வந்தது, அழுதேன். அண்ணைக்கு போன் எடுத்தேன்.

"ஏலாட்டித் திரும்பி வா பிள்ளை. ரூம் அப்பிடியேதான் கிடக்கு."

"ஓம் அண்ணை."

"சும்மா ஓம் எண்டாதை. அண்ணியும் உன்னைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள்."

அவ்வளவு அன்பாகச் சொன்னதுதான் பயமாக இருந்தது. அடுத்த சனிக்கிழமை லண்டன் விமானத்தில் இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது.

திங்கட்கிழமை பத்திரத்துடன் கீழே போனேன். அந்த அம்மா பேனையை எடுக்காமல், சனிக்கிழமை ஏன் கூட்டவில்லை என்று கேட்டார். களைப்பு என்று சொல்லியிருக்கலாம். தெரிந்த ஜெர்மனில் உண்மையைச் சொன்னேன். "எங்கள் வீட்டில் மாலையில் விளக்கு. விளக்குக்குப் பிறகு கூட்டினால் செல்வம் போய்விடும்."

அவர் பேனையை எடுத்தார். "எத்தனை மணிக்கு விளக்கு?"

"இருட்டும்போது."

"அப்படியென்றால் சனிக்கிழமை மூன்று மணிக்குக் கூட்டுங்கள்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். "உங்கள் செல்வம் இருக்கட்டும். என் படிக்கட்டும் சுத்தமாக இருக்கட்டும்."

தெற்கு ஜெர்மனிக்குத் தனியாக வருகிறவர்கள், முடிந்தால் வெள்ளிக்கிழமைக்கு முன் வந்து சேருங்கள். சனிக்கிழமையே ஞாயிறுக்கும் சேர்த்துச் சாமான் வாங்குங்கள். வீட்டுக்காரரின் கையெழுத்து எப்போது கிடைக்கும் என்பதை வரும் முன்பே கேளுங்கள். "யா, யா" என்று இரண்டு தரம் சொல்லாதீர்கள். சரி சரி, விடு என்கிற மாதிரி அவர்களுக்குக் கேட்குமாம். குறைந்த சாமானோடு வாருங்கள். மிளகாய்த்தூள் இங்கேயும் கிடைக்கிறது.

களைப்பு இன்னும் போகவில்லை. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். ஆறு வருடத்தில் நான் தும்புத்தடியை எடுத்த போதெல்லாம் அண்ணி ஓடிவந்து, "நீங்கள் விடுங்கோ மச்சாள், நான் கூட்டுறன்" என்று வாங்கிக்கொள்வார். நல்ல மனம்தான். விருந்தாளியை யாரும் வேலை செய்ய விடுவதில்லை. இந்த வீட்டில் நான் கூட்டவில்லை என்று ஒருவர் கோபப்பட்டார். நினைக்க நினைக்க அது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை பதிந்துவிட்டு வந்தபோது அண்ணை திரும்பவும் போன் எடுத்தார்.

"அப்ப எப்ப வாறாய்?"

"நத்தார் லீவுக்கு வாறன் அண்ணை. அந்த வாரம் வெள்ளிக்கிழமை வெளிக்கிட ஏலாது. சனிக்கிழமை என்ரை முறை, கூட்டிப்போட்டுத்தான் வருவன்."