படம் முடிந்தாலும் பாடம் முடியாது

பள்ளிக்கூடத்தில் வகுப்பு முடிந்ததென்று மணியடிக்க ஒருவர் இருப்பார். இணையவழிப் பாடம் செய்யும் மென்பொருளில் அந்த மணியை அடிப்பதே என் முழுநேர வேலையாக இருந்தது.

ஒஸ்லோவில் ஒரு சின்னக் கம்பனி. நிறுவனங்கள் தங்கள் ஊழியருக்கான பாடங்களைத் தாங்களே செய்துகொள்ள நாங்கள் மென்பொருள் எழுதிக் கொடுத்தோம். அதில் வீடியோப் பகுதி என் பொறுப்பு: எப்போது தொடங்கும், எவ்வளவு நேரம் ஓடும், இன்னும் எவ்வளவு மீதி. நீங்களும் என்றாவது அலுவலகக் கட்டாயப் பாடமொன்றின் முன்னால் உட்கார்ந்து, ‘அடுத்தது’ என்ற பட்டன் எப்போது உயிர் பெறும் என்று கன்னத்தில் கைவைத்துக் காத்திருந்திருப்பீர்கள். அந்தப் பட்டனுக்குப் பின்னால் இருந்தவர்களும் கன்னத்தில் கைவைத்துத்தான் இருந்தோம்.

பூச்சியம் நிமிடப் பேச்சு

அந்த நாட்களில் இணையம் மெதுவாகத்தான் வரும். வீடியோ முழுவதும் வந்து சேரும்வரை அதன் நீளம் எங்கள் மென்பொருளுக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாதென்று சொல்லவும் அதற்குத் தெரியாது. ஆகவே பூச்சியம் என்று காட்டும்.

தீயணைப்புப் பயிற்சி கொடுக்கும் ஒரு பெரியவர் எங்கள் வாடிக்கையாளர். தன்னைத் தானே படம் பிடித்துப் பாடமாக ஏற்றியிருந்தார். முதல் நாளே தொலைபேசியில் வந்துவிட்டார். காரணத்தை நான் விளக்க விளக்கப் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் சொன்னார்: “அதெல்லாம் சரி. ஆனால் நான் பூச்சியம் நிமிடம் பேசினேன் என்கிறதே உங்கள் பெட்டி! என் மனைவியைக் கேட்டுப் பாருங்கள், என்னால் அது முடியவே முடியாது.”

ஆறுதலாகக் கதையுங்கள்

முதியோர் இல்லங்களில் வேலை செய்பவர்களுக்கான பாடம் ஒன்று வந்தது. மறதி நோய் உள்ளவர்களோடு எப்படிப் பழகுவது என்பது பற்றியது. புதிதாக வேலைக்கு வருபவர்களில் பலர் வெளிநாட்டவர் என்பதால் நோர்வேஜிய வீடியோவின் மேல் வேறு மொழிக் குரல்களையும் வைக்கக் கேட்டார்கள். தமிழ்க் குரல் என் தலையில் விழுந்தது. எழுத்தைச் சரிபார்க்க சென்னையிலிருந்து வந்து எங்களோடு வேலை செய்த செந்தில். நோர்வேஜியத்தில் இரண்டு சொல்லில் முடிவது தமிழில் ஒரு மூச்சு போகும். படத்திலிருக்கும் தாதி வாயை மூடிவிடுவாள். நான் இன்னும் பேசிக்கொண்டிருப்பேன். கடைசியில், என் குரல் முடியும்வரை படத்தின் இறுதிக் காட்சியை அப்படியே உறைய வைத்தோம்.

ஓரிடத்தில் ‘ஆறுதலாகக் கதையுங்கள்’ என்று வாசித்தேன். செந்தில் கையைத் தூக்கினான். “ஏன் ஆறுதல் சொல்லணும்? அவங்க வீட்ல ஏதாச்சும் துக்கமா?” என்றான். எங்கள் இலங்கைத் தமிழில் ஆறுதலாகக் கதைப்பதென்றால் அவசரமில்லாமல், மெதுவாகப் பேசுவது என்று விளக்கினேன். அவன் வெளியே பார்த்தான். ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்கு அப்பால், மூச்சுவிடாமல் பேசும் எங்கள் மேலாளர் இங்ரிட் யாரோடோ தொலைபேசியில் இருந்தார். “மெதுவா பேசினாலே உங்க ஊர்ல ஆறுதலா? அப்போ நம்ம மேனேஜரை அங்க ஒரு மாசம் அனுப்பி வைங்க!”

தவமலர் அக்கா

பாடம் வெளியே போய்ச் சில வாரங்களில் ஒரு தொலைபேசி வந்தது. தமிழ்க் குரல் என்றதும் இங்ரிட் என்னிடம் தந்துவிட்டார். பேசியவர் மட்டக்களப்பைச் சேர்ந்த தவமலர் அக்கா. ஒஸ்லோவின் ஓரத்திலுள்ள குரோருட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் ஆள் இல்லாத நேரங்களில் மட்டும் கூப்பிடப்படும் தற்காலிக ஊழியர். நிரந்தர வேலைக்கு விண்ணப்பித்திருந்தார். பாடத்தை முடித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அவர் முடித்துவிட்டார். ஆனால் பொறுப்பாளரின் திரையில் ‘முடிக்கவில்லை’ என்றே கிடந்தது.

மறுநாள் வேலை முடிய டி-பானே ரயிலில் குரோருட் போனேன். ஊழியர் ஓய்வறையில் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முழுவதையும் பார்த்தேன். கடைசியில் தாதியின் முகம் உறைந்தது, என் குரல் பேசி முடித்தது, மீதி நேரம் காட்டும் பட்டையில் சில செக்கன்கள் அப்படியே நின்றன. அசையவில்லை. மொத்த நேரத்தை என் குரலை வைத்துக் காட்டிய மென்பொருள், பார்த்த நேரத்தை ஓடும் படத்தை வைத்து எண்ணியிருக்கிறது. செந்திலும் நானும் குரல் பொருந்துகிறதா என்று பார்த்தோமே தவிர, தமிழில் அந்தப் பட்டையை யாரும் பார்க்கவில்லை. அக்கா கையை மடியில் வைத்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “இப்பிடித்தான் மகள், ஒவ்வொரு முறையும் நான் காத்திருக்கிறது” என்றார். மற்றவர்களுக்குக் கணினி தேவைப்படும்வரை காத்திருந்துவிட்டு எழும்பிப் போவாராம்.

பொறுப்பாளரிடம் போனோம். “சிஸ்டம் சொல்வதைத்தானே நான் நம்ப முடியும்?” என்றார் அவர். “அந்தச் சிஸ்டத்தை எழுதியவள் நான். அதை நம்பாதீர்கள்” என்றேன். அவர் முகம் மாறியது. தவமலர் கவனம் போதாதவர் என்று தேர்வுக் குழுவுக்கு ஏற்கனவே சொல்லிவிட்டாராம். எங்கள் முன்னாலேயே தொலைபேசியை எடுத்து, தவறு தங்கள் பக்கம் என்று சொன்னார். நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள், அந்த வேலை அக்காவுக்குத்தான் கிடைத்தது. ஆனால் அன்று ரயில் நிலையம்வரை என்னோடு நடந்து வந்தபோது அவருக்கு அது தெரியாது. பனியில் கால் பார்த்து வைத்தபடி சொன்னார்: “நான் பார்த்தன் எண்டு எனக்குத் தெரியும் மகள். ஆனா மூண்டாந்தரம் பார்க்கக்குள்ள எனக்கே சந்தேகம் வந்திட்டு.”

யார் காத்திருக்கிறார்கள்

அந்தப் பிழையைத் திருத்துவது ஒரு காலை வேலை. அதோடு விட மனமில்லை. வீடியோ ஓடி முடியும்வரை ‘அடுத்தது’ பட்டனை அடைத்து வைக்கும் பூட்டையே எடுத்துவிடுவோம், பார்த்தவர் ‘பார்த்துவிட்டேன்’ என்று தானே அழுத்தட்டும் என்று கூட்டத்தில் சொன்னேன். முதியோர் இல்லங்களின் பக்கத்தில் பாடத்துக்குப் பொறுப்பான மாரித் என்ற அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. ஒரு முதியவரை யாராவது தவறாகக் கையாண்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். “பார்க்காதவர்களும் அழுத்திவிடுவார்களே?” என்றார்.

இங்ரிட் அன்று வழக்கத்துக்கு மாறாக ஆறுதலாகவே சொன்னார்: “பார்க்காதவர்கள் இப்போதும் வீடியோவை ஓடவிட்டுக் கோப்பி குடிக்கப் போகிறார்கள், மாரித். முன்னால் உட்கார்ந்து காத்திருப்பவர்கள் பார்த்தவர்கள் மட்டும்தான்.” மாரித் தலையாட்டினார்; பூட்டு போனது.

இந்தத் தொழிலில் நான் படித்தது இவ்வளவுதான்: ஒரு படம் எத்தனை நிமிடம் என்று காட்ட எப்படியோ வழி கண்டுபிடித்துவிடலாம், ஒரு மனிதர் எவ்வளவு பொறுத்துக்கொண்டார் என்று காட்டத்தான் பட்டையில் இடம் போதாது.