சாப்பாட்டு மேசைக்கு ஒரு பேய்

பேய் செய்வது பெரிய வித்தையில்லை. கைக்காசு செலவழிக்காமல் செய்து, சாப்பாட்டு மேசையின் நடுவில் மரியாதையாக உட்கார வைப்பதுதான் வித்தை.

வீட்டில் இருந்தபடியே பசை தடவியும், பூக் கட்டியும், ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்தும் காலம் தள்ளுகிறவர்களுக்கு நான் சொல்ல வருவது புரியும். நாம் செய்வதை யாரும் வேலை என்று ஒத்துக்கொள்வதில்லை. சும்மாதானே இருக்கிறீர்கள் என்று சொல்லிக்கொண்டே, சும்மா இருக்கிற நம்மிடம் அவசர வேலையைக் கொண்டுவந்து கொட்டுவார்கள்.

நான் ஆறாம் வகுப்போடு தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவள். அப்புறம் பட்டாசு ஆபீஸ்; எங்கள் பக்கம் தொழிற்சாலைக்கு அதுதான் பெயர். ஒரு நாள் எங்கள் பக்கத்து ஷெட் இருந்த இடத்தில் இல்லை. அதற்கு மேல் அதை எழுத எனக்கு வராது. அன்றோடு வேலையை விட்டுவிட்டு எம். புதுப்பட்டி வீட்டோடு இருந்துவிட்டேன். ஆனால் வீட்டுக்காரருக்கு இடுப்புப் பிடித்து, லோடு தூக்க முடியாமல் போனதும், பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்த என் மகள் செல்வியின் மீது எல்லோர் கண்ணும் விழுந்தது. ஏழாயிரம்பண்ணைப் பக்கத்து ஆபீசுக்கு ஆள் ஏற்றுகிற வேன், தினமும் காலையில் எங்கள் தெரு முனையில் நின்று ஹாரன் அடிக்கும். மாசி பிறப்பதற்குள் எனக்கு நிலையான வேலை ஏதாவது அமைந்தால் சரி, இல்லையென்றால் செல்வி வேன் ஏறட்டும் என்று வீட்டுக்காரர் முடிவாகச் சொல்லிவிட்டார். அந்த நேரத்தில்தான் எங்கள் வீட்டுக்குப் பேய் வந்தது.

படத்தில் இருந்த விருந்து

கொண்டுவந்தவர் ஜமால் பாய். விருதுநகரில் காலண்டர், தோரணம், பிறந்தநாள் தொப்பி எல்லாம் மொத்தமாக வாங்கி விற்கிறவர். முன்பு அவருக்குத்தான் நாங்கள் காகிதத் தோரணம் ஒட்டிக் கொடுத்தோம். நாங்கள் என்றால் நானும், பக்கத்து வீட்டு மாரியும். மாரி எனக்கு நாத்தனார் முறை. அவள் கை எவ்வளவு வேகமோ அதைவிட வாய் வேகம்.

பாய் ஒரு கலர் படத்தை விரித்தார். பெரிய சாப்பாட்டு மேசை. சுற்றிலும் தட்டு, தம்ளர். நடுவில் கண்ணும் பல்லும் வெட்டிய ஆரஞ்சுப் பூசணிக்காய், காய்ந்த கிளை, வௌவால், சிலந்திவலை, பக்கத்தில் ஒரு மண்டை ஓடு. வெளிநாட்டில் ஐப்பசி மாதத்தில் இப்படி ஒரு பண்டிகையாம். செத்தவர்கள் நினைப்பில் ஆரம்பித்து இப்போது பிள்ளைகள் மிட்டாய் கேட்கிற பண்டிகையாகிவிட்டதாம். நிஜப் பூசணிக்காய் அழுகிவிடும், அதனால் காகிதத்தில் வேண்டுமாம். நாங்கள் மாதிரி செய்து கொடுத்து, அது தூத்துக்குடி ஏற்றுமதி ஆபீசில் பாஸ் ஆகிவிட்டால் வருஷம் முழுக்க வேலை. ஆனால் சாமான் எதுவும் தரமாட்டார்களாம். இருப்பதை வைத்துச் செய்யவேண்டும். பண்டிகை அவர்களுக்கு, சிக்கனம் நமக்கு.

மாரி படத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "செத்தவுகளுக்கு நாமளுந்தான் படைக்கோம், பாய். அதுக்காக அவுகளைத் தூக்கிச் சாம்பார் வாளிக்குப் பக்கத்துலயா வைக்கோம்?"

மயில் வால்

சாமான் தேடுவது எனக்குப் புதிதில்லை. பட்டாசுக்கு ஆகாது என்று கழித்துப்போட்ட காகிதக் குழாய் பூசணிக்காய்க்கு நடுத்தண்டு. தரைச்சக்கரப் பெட்டியின் மூடி அடித்தட்டு. பேய் மரத்துக்குச் சீமைக்கருவேலங் கிளை. எங்கள் ஊரில் அதற்கா பஞ்சம்? தலையணைப் பஞ்சைப் பிய்த்து இழுத்தால் சிலந்திவலை. மைதாப் பசை அடுப்பிலேயே கொதித்தது. ஆரஞ்சுக் காகிதம் மட்டும் கிடைக்கவில்லை. பாய்தான் சிவகாசி அச்சாபீசில் பாழாய்ப்போன சாமி காலண்டர் தாள்களைக் கட்டுக்கட்டாக வாங்கி வந்தார். சாமிக்குப் பின்னால் அடிக்கிற நிறம் இருக்கிறதே, அது அப்படியே பூசணிக்காய் நிறம்.

சாமியை வெட்டிப் பேய் செய்வதா என்று கத்தரிக்கோலைத் தள்ளி வைத்துவிட்டேன். ஜமால் பாய் பாயை விரித்து உட்கார்ந்து தாளைப் பிரிக்க ஆரம்பித்தார். காலண்டர் வியாபாரியாயிற்றே, எங்களைவிட அவருக்குத்தான் சாமிகளைத் தெரிந்திருந்தது. காலைப் பார்த்தே எந்த ஊர் சாமி என்று சொன்னார். முகம் உள்ளதைத் தனியாக வையுங்கள், கால் உள்ளதையும் வையுங்கள், வெறும் மயில் வால் என்றால் அது பறவைதானே, வெட்டிக்கொள்ளலாம் என்று சமாதானமும் சொன்னார்.

மாரி வெட்டவில்லை. தாளைக் கண்ணில் ஒற்றித் தனியாக வைத்துவிட்டுக் கேட்டாள்: "மயிலை வெட்டிப்புட்டா முருகன் என்ன பாய், டவுன் பஸ்லயா போவாரு?"

மெழுகுவத்தி

படத்தில் பூசணிக்காய்க்குள் மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. எனக்கு அதைப் பார்த்த நாளிலிருந்து தூக்கமில்லை. காகிதம், பஞ்சு, காய்ந்த கிளை, பசை; அதற்குள் நெருப்பு; அதைச் சுற்றிப் பிள்ளைகள். இதைவிடப் பட்டாசு ஆபீசே தேவலாம், அங்கே வாசலிலேயே மடியைத் தடவித் தீப்பெட்டி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். உள்ளே நெருப்பு வைக்காதீர்கள் என்று அடித்தட்டில் ஒரு சீட்டு ஒட்டலாமா என்று பாயிடம் கேட்டேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"யக்கா, அங்கன வீட்டையே மரத்துலதான் கட்டுவாகளாம். நீங்க சீட்டு ஒட்டி அவுகளுக்கு அதை ஞாபகப்படுத்தாதீக, ஆர்டர் போயிரும்."

கடைசியில் அவருக்குத் தெரியாமல் குழாயின் வாயை அட்டை வைத்து அடைத்தேன். இனி அதற்குள் மெழுகுவத்தி இல்லை, ஊதுவத்திகூட நிற்காது.

மீசைக்காரர்

பூசணிக்காய் தயார். முகம் வரைய வேண்டும். பயமுறுத்துகிற முகம் என்று நமக்குத் தெரிந்தது ஒன்றுதானே? புது வீட்டுக்கும் கடை வாசலுக்கும் கட்டுகிற திருஷ்டிப் பூசணிக்காய் முகம். முட்டைக் கண், முறுக்கு மீசை, தொங்குகிற நாக்கு. மாரி கை நிறைய மை எடுத்து வரைந்து தள்ளினாள். எனக்கே திருப்தியாக இருந்தது. ஒரு கூடை நிறைய வாங்கிக்கொண்டு போனார் பாய். நெட் சென்டரில் படம் எடுத்துத் தூத்துக்குடிக்கு அனுப்பினாராம்.

மறுநாளே கூடையோடு திரும்பி வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. காப்பி கொடுத்தேன், குடிக்கவில்லை. பயமாக இருக்கவேண்டுமாம், ஆனால் பிள்ளைகள் பயப்படக்கூடாதாம். சிரிக்கவேண்டுமாம், ஆனால் சந்தோஷமாக இருக்கக்கூடாதாம். இப்படி ஒரு முகத்தை ஆண்டவன்கூட வரைந்ததில்லை. நாக்கு எதற்கு என்றும் கேட்டார்களாம். அதையெல்லாம் சொல்லிவிட்டு, சொல்ல வந்ததைக் கடைசியில்தான் சொன்னார்:

"பேய் கேட்டா, ஊர் நாட்டாமையை வரைஞ்சு அனுப்பியிருக்கீகளேன்னு தூத்துக்குடி ஆபீசே சிரிக்குது, யக்கா."

நேர்த்திக்கடன்

தள்ளுபடியான மீசைக்காரர்களை வெயிலில் காயட்டும் என்று வாசலில் கட்டில் போட்டு வரிசையாக வைத்திருந்தேன். மை ஈரம் போனால் காகிதத்தையாவது உரித்து எடுக்கலாமே. தை கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி அம்மன் கோயிலுக்கு நடந்து போகிறவர்கள் மஞ்சள் சேலையில் தெருவோடு போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மாள் நின்றுவிட்டாள். கட்டிலைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மாரியாத்தாளுக்கு நேர்த்திக்கடன் பொம்மையா என்று கேட்டாள். இல்லை, வெளிநாட்டுக்காரர்கள் சோற்றுக்கு நடுவில் வைக்கிற பேய் என்று நான் எப்படிச் சொல்ல? திருஷ்டிக்கு என்று சொல்லிவைத்தேன்.

பாதி கட்டி நிற்கிற வீடு ஒன்று அவளுக்கு இருக்கிறதாம். ஒன்றை எடுத்து முன்னும் பின்னும் பார்த்தாள். அடித்தட்டில் தட்டிப் பார்த்தாள். விலை படிந்தது. கிளம்பியவள் திரும்பி வந்தாள்.

"எம் மருமக வீட்டைப் பாக்குத பார்வைக்கு ஒண்ணு தாங்காது தாயி, ரெண்டாக் குடு."

ஓட்டை வாளி

இந்தச் சேதி எப்படித்தான் பரவியதோ, அடுத்த நாள் காலையில் ஹாரன் அடித்த வேன் தெரு முனையில் நிற்காமல் எங்கள் வாசலுக்கே வந்தது. மாசி பிறக்க இன்னும் சில நாட்கள்தான். செல்வியைக் கூப்பிட வந்துவிட்டான் என்றே நினைத்தேன். வேன்காரன் கணேசன் எனக்குத் தூரத்து உறவு, சித்தி என்பான். இறங்கி வந்தவன் செல்வியைப் பற்றித்தான் ஆரம்பித்தான். திரி முடிக்கிற வேலை, உட்கார்ந்த இடத்தில் வேலை, நிழலில் வேலை என்று அடுக்கினான். அந்தப் பக்கத்து ஷெட்டும் நிழலில்தான் இருந்தது என்று சொல்ல வந்தேன். அவன் நிறுத்தினால்தானே.

அப்புறம்தான் வந்த காரியத்தைச் சொன்னான். ஆபீஸ் வாசலுக்கும், ஒவ்வொரு ஷெட்டுக்கும் மீசைக்காரர் வேண்டுமாம். நிஜப் பூசணிக்காய் வாங்கிக் கட்டுப்படி ஆகவில்லை என்று முதலாளி சொன்னாராம். கூடையை அவன் வேனில் ஏற்றும்போது, நான் இருந்த காலத்தில் ஷெட் வாசலில் தொங்கிய மணல் வாளிகளில் மணல் இல்லை, இப்போதாவது இருக்கிறதா என்று கேட்டேன்.

கணேசன் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "வாளி ஓட்டை சித்தி, மணல் நிக்காது. ஆனா பாதுகாப்புல குறை வைக்கிறதில்லை, அமாவாசை தவறாமப் பூசணிக்காய் உடைக்கோம்."

அந்த முகம்

மீசை போய்விட்டது, நாக்கு போய்விட்டது. பேய்க்கு இனி என்ன முகம்? நானும் மாரியும் வரைந்ததெல்லாம் ஒன்று சிரித்தது, இல்லையென்றால் முறைத்தது. செல்வி அதுவரை வலை பிய்த்துக்கொண்டிருந்தாள். கரித்துண்டு மாதிரி ஒரு பென்சிலை எடுத்து ஒரு முகம் போட்டாள். மேலே ஏறிப்போன புருவம், வட்டக் கண், சிரிப்பதற்குத் திறந்து பாதியில் மறந்துபோன வாய், அதில் கோணல் பல். பார்த்தால் பயமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. பாய் புதிதாக வாங்கியிருந்த கேமரா போனில் அங்கேயே படம் பிடித்துக்கொண்டு போனார்.

மாசி பிறப்பதற்கு முந்தின நாள் வரைக்கும் பதில் இல்லை. வீட்டுக்காரர் செல்விக்குத் தூக்குவாளி வாங்கி வந்து அடுப்படியில் வைத்தார். நான் அதைத் தொடவில்லை. சாயங்காலம் பாய் வந்தார். இந்தத் தடவை அவராகவே உட்கார்ந்து காப்பி கேட்டார். பாஸ். பூசணிக்காய், கிளை, வலை எல்லாம் சரியாம். முகம்தான் ரொம்பப் பிடித்துப்போனதாம், ஒரு கோடுகூட மாறக்கூடாதாம். சொல்லிவிட்டு மாதிரியை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார். இந்த முகத்தை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்றார். யார் முகம் என்று நானும் செல்வியைக் கேட்டேன். அவள் தலை நிமிராமல் சொன்னாள்:

"வேன் ஹாரன் கேட்டதும் உனக்கு வரும்லம்மா, அந்த மூஞ்சி."

மாசி முதல் நாள்

தூக்குவாளியில் பசை காய்ச்சி ஊற்றி வைத்தேன். காலையில் வேன் வந்தது. வேனின் முன் கண்ணாடிக்கு மேலே எங்கள் மீசைக்காரர் ஒருவர் நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு ஆடினார். உள்ளே நெருக்கி உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் எங்கள் தெருப் பிள்ளைகள். அவர்களுக்கு ஓட்டை வாளியும் காகித மீசையும்தான் காவல். யாரையாவது இறங்கி வரச் சொல்லலாம் என்று தோன்றியது. எத்தனை பேருக்குப் பேய் செய்கிற வேலை கிடைக்கும்? கணேசன் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, செல்வி வருகிறாளா என்று கேட்டான். எனக்குப் பழக்கதோஷத்தில் புருவம் ஏறிவிட்டது போலிருக்கிறது, மாரி என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு கத்தரிக்கோலை ஆட்டிக்காட்டி அவனுக்குப் பதில் சொன்னாள்:

"எங்க வீட்டுக்கு ஒரு ஆள் கணக்குன்னா, அதான் முன்னாடி மீசையோட ஏறி உக்காந்துருக்காரே, அவரைக் கூட்டிட்டுப் போயி வேலை வாங்குங்க."

ஐப்பசி வந்தால், நான் பார்த்தேயிராத ஏதோ ஒரு தேசத்தில், என் கவலை பிடித்த முகத்தை மேசை நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிடுகிறார்களாம். எங்கள் வீட்டில் அந்த முகத்தைப் பார்த்து ஒரு வாய் சோறு நிம்மதியாக இறங்கியதாக யாரும் சொன்னதில்லை.