நாளைக்காரரின் பார்ஜெல்லோ

தையல்காரர் "நாளைக்கு வாங்க" என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று நமக்கெல்லாம் தெரியும். அந்த நாளை வருவதற்குள் எதைத் தைக்கக் கொடுத்தோம் என்பதே மறந்துபோயிருக்கும். ஆனால் சோபாவுக்கும் நாற்காலிக்கும் ஸ்பிரிங் மாற்றி உறை தைத்துக் கொடுக்கிற ஒரு மனுஷர் இருந்தார். அவர் நாளைக்கு என்றால் நாளைக்குத்தான். இடியே விழுந்தாலும் மறுநாள் நாற்காலி கடை வாசலில் தயாராக நிற்கும். முடியாத வேலை என்றால் முதலிலேயே "முடியாதுங்க" என்று சொல்லிவிடுவார். இப்படி ஒரு அதிசயப் பிறவிக்குப் பேர் வைக்காமல் விடுவார்களா? தெரு முழுக்க அவருக்கு நாளைக்காரர் என்றே பேர்.

வேலையில் இவ்வளவு கறாரான ஆள், மனசில் இருப்பதை வாயைத் திறந்து சொல்வதில் மட்டும் மகா மோசம். வாலிபத்தில் ஒரு பெண்ணைப் பிடித்திருந்தது. சொல்லலாம், அப்புறம் சொல்லலாம் என்று இருந்ததில், அவள் கல்யாணமாகிக் குடிபோன வீட்டு சோபாவுக்கு இவரே உறை தைக்கும்படி ஆயிற்று. அதையும் மறுநாளே கொடுத்துவிட்டார், பாவி மனுஷர்! அதற்கப்புறம் கல்யாணப் பேச்சே இல்லாமல் ஐம்பதைத் தாண்டிவிட்டார். கடைக்கு மேலே வீடு. வீட்டில் துணைக்கு அக்கா. அவள் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அவள் அடுப்படியில் நின்று கூப்பிட்டால் கீழே கடையில் இருக்கிற ஸ்பிரிங்கெல்லாம் அதிரும்.

ஒருநாள் கடைக்கு ஒரு பழைய நாற்காலி வந்தது. உட்காருகிற இடத்தில் கித்தான்மேல் கம்பளி நூலால் யாரோ கையால் தைத்திருந்தார்கள். பூவும் இல்லை, பறவையும் இல்லை. அடர் நீலத்தில் தொடங்கி வெளிறிக்கொண்டே போகும் கோடுகள், மேலே ஏறி, கூராகி, சரிந்து, மறுபடி ஏறின. தீ எரிகிற மாதிரி இருந்தது. "அந்தக் குப்பையைப் பிச்சுப் போட்டுட்டு புதுசா ஏதாவது போடுங்க" என்று நாற்காலிக்குச் சொந்தக்காரர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நாளைக்காரர் பிய்த்தார். ஆனால் போட மனசு வரவில்லை. அதைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எதிர்சாரிக்குப் போனார்.

எதிர்சாரியில்தான் நூல்கடை. நூல், பொத்தான், ஜிப், பருத்தித் துணி எல்லாம் விற்கிற கடை. அதை நடத்துகிற அம்மாள் கணவரை இழந்தவள், குழந்தை கிடையாது, நாளைக்காரரைவிட இரண்டொரு வயது இளையவளாக இருக்கலாம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதைக் கடை பூராவும் தேடுவாள். நாளைக்காரருக்கு நூல் வேண்டுமென்றால் மொத்தமாக வரவழைத்துக்கொள்ள வழி இருந்தது. ஆனாலும் அவர் ஒவ்வொரு கண்டாகத்தான் வாங்குவார். ஏன் என்று கேட்காதீர்கள்.

நூல்கடை அம்மாள் அந்தக் கித்தானைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள். "இதுக்குப் பேரு பார்ஜெல்லோங்க. ஒவ்வொரு தையலும் பக்கத்துத் தையலைவிட ஒரு படி மேல, இல்லன்னா ஒரு படி கீழ. இவ்வளவுதான் விஷயம். இதைப் பார்த்துத்தான் துணியிலேயே குயில்ட் பண்றாங்க. ஒட்டுத்துணிப் போர்வை இருக்கே, அதுதான்."

"கஷ்டமா?"

"கஷ்டமில்ல. பொறுமை வேணும். எனக்கும் ஒண்ணு தைச்சு மூடிக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. எங்க!"

ஆசை என்ற வார்த்தை காதில் விழுந்ததும் நம் ஆளுக்கு வேறெதுவும் கேட்கவில்லை. அன்றைக்கே கடையில் மிச்சமிருந்த சோபாத் துணிகளை வைத்துத் தைக்க உட்கார்ந்துவிட்டார். தைத்து முடித்த போர்வையைச் சுவரில் சாய்த்து வைத்தார். அது பாட்டுக்கு நின்றது! அக்கா வந்து அதைத் தட்டிப் பார்த்தாள். "எதுக்குடா இது? குளியலறைக்குக் கதவு போடவா?" என்றாள்.

சோபாத் துணி லாயக்கில்லை, மெல்லிய பருத்திதான் வேண்டும் என்று அப்போது புரிந்தது. பருத்தி நூல்கடையில்தான் கிடைக்கும். அப்பாடா! இன்றைக்குக் கருநீலம் வாங்கி வருவார். நாளைக்கு அதைவிட ஒரு பிடி வெளிறிய நீலம். அடுத்த நாள் அதற்கும் அடுத்தது. அந்த அம்மாள் துணிக்கட்டுகளை ஒவ்வொன்றாக வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, முந்தின நாள் வாங்கின துண்டோடு சேர்த்துவைத்து, "இது கொஞ்சம் எட்டிப்போகுது, இதோ இது பாருங்க, ஒட்டிக்கிட்டு வருது" என்பாள். இரண்டு தலையும் ஒரே துணியைக் குனிந்து பார்க்கும். நீலம் பச்சைக்குத் திரும்பி, பச்சை மஞ்சளாகி, மஞ்சள் வெண்ணெய் நிறத்துக்கு வந்து சேர்வதற்குள் மழைக்காலமே முடிந்துவிட்டது.

"எல்லாத்தையும் ஒரே நடையில வாங்கிட்டு வந்தா உன் கால் தேஞ்சுடுமா?" என்று அக்கா கேட்டாள்.

"பார்த்துப் பார்த்து வாங்கணும்க்கா."

"எதைப் பார்த்து?" என்றாள் அக்கா. இவர் இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனார்.

அந்த வேலையின் சூட்சுமத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நீள நீளத் துணிப்பட்டைகளை நிறவரிசைப்படி பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைக்க வேண்டும். முதல் பட்டையையும் கடைசிப் பட்டையையும் சேர்த்துத் தைத்தால் தலையணை உறை மாதிரி ஒரு குழாய் கிடைக்கும். அதைக் குறுக்கே வெட்டினால் வளையம் வளையமாக வரும். எல்லா வளையத்திலும் அதே நிறங்கள், அதே வரிசை. ஒவ்வொரு வளையத்திலும் ஒரே ஒரு தையலைப் பிரித்தால் அது நீண்ட பட்டையாகத் திறந்துகொள்ளும். முதல் வளையத்தைக் கருநீலத்தில் பிரித்தால், அடுத்ததை அதற்கடுத்த நிறத்தில் பிரிக்க வேண்டும். அப்படித் திறந்தவற்றைப் பக்கத்தில் வைத்துத் தைத்தால் நிறம் ஒரு படி ஏறும், இன்னொரு படி ஏறும், உச்சிக்குப் போனதும் திரும்பி இறங்கும். வளையத்தை அகலமாக வெட்டினால் அலை சோம்பலாகப் போகும். ஒடுக்கமாக வெட்டினால் விறுவிறுவென்று ஏறும். எந்த இடத்தில் பிரிக்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

ஒரு மத்தியானம் நாளைக்காரர் மடியில் வளையங்களைப் போட்டுக்கொண்டு தையல் பிரித்துக்கொண்டிருந்தார். அலை மேலே ஏறிக்கொண்டிருந்த இடம். வாசலில் நிழல் தட்டியது. நூல்கடை அம்மாள் நின்றாள். அவள் கடை தாண்டி இந்தப் பக்கம் வருவதே அபூர்வம். போர்வை யாருக்கு என்று இவர் இன்னும் சொல்லவில்லை. சட்டென்று எல்லாவற்றையும் மேஜைக்கடியில் தள்ளினார்.

"ஒரு விஷயம் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாள். "எங்கண்ணன் அவர் ஊருக்கே வந்துடச் சொல்றார். தனியா இருந்து என்ன பண்ணப்போறேங்கறார். மாசக் கடைசியில கடையைக் காலி பண்றேன்."

நாளைக்காரர் எழுந்து நின்றார். போகாதீங்க என்று ஒரு வார்த்தை. ஒரே வார்த்தை! தொண்டை வரைக்கும் வந்தது. வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா?

"நல்லதுங்க. சொந்த அண்ணன் வீடு. பத்திரமா போயிட்டு வாங்க."

அவள் நெற்றியில் இருந்த கண்ணாடியை இறக்கி அவரைப் பார்த்தாள். பிறகு "சரி, வர்றேன்" என்று தெருவைத் தாண்டிப் போனாள். இவர் வளையங்களை மறுபடி மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டு பிரித்தார், சேர்த்தார், தைத்தார். என்ன செய்தோம் என்று அவருக்கே நினைவில்லை. கை அதுவாக வேலை செய்தது.

அக்காவுக்கு விஷயம் தெரிந்தபோது தலையில் அடித்துக்கொண்டாள். "பத்திரமா போயிட்டு வாங்களா? உன் வாயில இடி விழ! அவ எதுக்குடா தெரு தாண்டி வந்து உங்கிட்ட சொன்னா? பஸ்ஸுக்கு நேரம் கேக்கவா?"

"அவங்களுக்கு அங்க நல்லா இருக்கும்னா நான் என்னன்னு சொல்றது?"

"உனக்கு எப்படி இருக்கும்னு சொல்லுடா! அதைக்கூடவா நான் வந்து சொல்லணும்?" குரல் உடைந்துவிட்டது அக்காவுக்கு. தனக்கப்புறம் இவனுக்கு யார் என்ற கவலை அவளுக்கு எப்போதும் உண்டு. அதைக் கோபமாகத்தான் காட்டத் தெரியும்.

போர்வையைக் கொடுக்கும்போது எப்படியாவது சொல்லிவிடுவது என்று நாளைக்காரர் முடிவு செய்தார். அடியில் துணி கொடுத்து, நடுவில் பஞ்சு பரப்பி, மேலே தையல் ஓட்டி, ஓரம் கட்டினார். கடையில் சோபாக்களுக்கு நடுவே விரித்துப் பார்க்க இடமில்லை. மடித்து மடித்தே முடித்தார். மாசக் கடைசியும் வந்தது.

நூல்கடைக்குள் காலை வைத்தால் அட்டைப்பெட்டிகள். அலமாரிகள் காலி. நாளைக்காரர் வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு வந்திருந்தார். பெட்டிகளைப் பார்த்ததும் அத்தனையும் பறந்துவிட்டன. "இது உங்களுக்குங்க" என்று மட்டும் சொல்லி நீட்டினார்.

அந்த அம்மாள் துணி அளக்கிற நீள மேஜையில் போர்வையை விரித்தாள். கருநீலத்திலிருந்து அலை புறப்பட்டது. அவள் வாசலில் நின்று பார்த்துத் தேர்ந்தெடுத்த ஒவ்வொரு நிறமும் அதில் இருந்தது. "எனக்கா? இத்தனை நாளும் எனக்கா தைச்சீங்க?" என்றாள். கண் கலங்கிவிட்டது. கண்ணாடியைத் தேடினாள், நெற்றியில் இருந்தது. போட்டுக்கொண்டு விரலால் அலையைத் தொட்டபடியே போனாள். விரல் ஏறியது, ஏறியது, சட்டென்று நின்றது.

"இங்க என்ன ஆச்சு?"

நாளைக்காரர் குனிந்து பார்த்தார். பகீரென்றது. ஏறிக்கொண்டிருந்த அலை அந்த ஓர் இடத்தில் தடாலென்று இரண்டு படி கீழே விழுந்திருந்தது. வளையத்தைத் தப்பான தையலில் பிரித்திருக்கிறார். அடுத்த பட்டையில் அலை மறுபடி தன் இடத்துக்கு ஏறியிருந்தது. இத்தனை வருஷத் தொழிலில் ஒரு நாற்காலியில்கூட ஒரு தையல் பிசகியதில்லை. காது மடலெல்லாம் சூடாகிவிட்டது.

"தப்பாப் பிரிச்சிருக்கேன்" என்றார்.

"நீங்களா?"

"அது... அன்னிக்குத் தைச்சது."

"என்னிக்கு?"

அவர் போர்வையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீங்க வந்து, போறேன்னு சொன்னீங்களே. அன்னிக்கு."

நூல்கடை அம்மாள் மேஜையைச் சுற்றி இந்தப் பக்கம் வந்தாள். "இந்தத் தெருவுல எல்லாரும் வந்து போகாதீங்க, போகாதீங்கன்னாங்க. நீங்க ஒருத்தர்தான் பத்திரமா போயிட்டு வாங்கன்னீங்க. உங்களுக்கு ஒண்ணுமே இல்ல போலன்னு நெனச்சேன். அப்புறம் இங்க இருந்து என்ன ஆகப்போகுதுன்னுதான் பெட்டி கட்டினேன்." குரல் நடுங்கியது. கோபமா அழுகையா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

"எனக்குப் பேச வராதுங்க" என்றார் நாளைக்காரர்.

"தெரியுது." அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். போர்வையை அவர் பக்கமாகத் தள்ளினாள். "சரி. இதைச் சரி பண்ணிக் கொடுங்க. எப்ப தருவீங்க?"

ஆயுசு முழுக்கச் சொன்ன வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. உண்மையிலேயே ஒருநாள் வேலைதான் அது. ஓரத்தையும் மேல்தையலையும் கொஞ்சம் பிரித்து, அந்த ஒரு பட்டையை எடுத்து, இரண்டு நுனியையும் சேர்த்து, சரியான இடத்தில் பிரித்து வைத்தால் மறுநாள் கொடுத்துவிடலாம். நாளைக்காரர் போர்வையிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"நாளைக்கு முடியாதுங்க" என்றார். "ரொம்ப நாளாகும். நீங்க போகாதீங்க. நீங்க போயிட்டா எனக்கு நல்லா இருக்காது."

சொல்லிவிட்டார்! எதிரே வீட்டு மாடி ஜன்னலில் நின்றுகொண்டிருந்த அக்காவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அவள் தன் தம்பியின் வாய் அசைந்ததைப் பார்த்தாள்.

"ரொம்ப நாள்னா அவசரமில்ல" என்றாள் நூல்கடை அம்மாள். தையல் பிரிக்கிற சின்னக் கத்தியை எங்கே வைத்தோம் என்று யோசித்தாள். எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிற பெட்டியில்தான் போட்டிருந்தாள். அவள் மேல்பெட்டியின் நாடாவைக் கிழித்து, உள்ளே இருந்த நூல்கண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி அலமாரியில் அடுக்க ஆரம்பித்தாள்.