புளி போட்டு மினுக்கிய துவக்கு

கனடாவில், ஒஷாவாவில் பழைய பொருட்களை ஏலம் விடும் கூடம் ஒன்றில் பதினொரு வருடமாக வேலை செய்கிறேன். பொருட்களை இறக்குவது, இலக்கம் ஒட்டுவது, விற்றதைச் சுற்றிக் கட்டுவது என் வேலை. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டதால் பட்டியலை வாசிக்க எனக்கு நேரமெடுக்கும். ஆனால் எது என்ன விலைக்குப் போகும் என்பதைப் பார்த்துப் பார்த்தே ஓரளவு பிடித்துக்கொண்டேன்.

ஊரில் துவக்கைக் கண்டால் வந்த ஒழுங்கையை விட்டு வேறு பாதையால் போனவன் நான். இங்கே நூற்றைம்பது வருடப் பழைய துவக்குகள் மேசையில் வரிசையாகக் கிடக்கும். சுடுவதற்காக யாரும் அவற்றை வாங்குவதில்லை. வருகிறவர்கள் சின்ன டோர்ச்சைப் பிடித்துக் குனிந்து நிற்பார்கள். உலோகத்தில் குத்திய முத்திரை தேயாமல் இருக்கிறதா, மரம் முதலில் போட்ட மரந்தானா, மருந்து இடிக்கக் குழாயின் கீழ் செருகிய கம்பி அதனுடையதுதானா என்று பார்ப்பார்கள். யார் வைத்திருந்த துவக்கு என்று சொல்லும் பழைய கடிதம் ஒன்றும் கூட வந்தால் விலை ஏறிவிடும்.

இரண்டு வருடத்துக்கு முன், புரட்டாசியில், ஒரு வெள்ளைக்கார அம்மா தன் இறந்துபோன கணவரின் துவக்கைக் கொண்டுவந்தார். கடிதமும் இருந்தது. வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் பழுதாகிவிட்டது, குளிருக்கு முன் புதிதாக ஒன்று பூட்டவேண்டும் என்று முதலாளியிடம் அவர் சொன்னது எனக்கும் கேட்டது. நாலாயிரத்திலிருந்து ஐயாயிரம் டொலர் வரை போகும் என்றார் முதலாளி. படம் எடுத்துப் பட்டியலிலும் போட்டார்கள்.

ஆயுத பூசை அன்று நான் வேலைக்குப் போனாலும் என் சுத்தியலையும் திருப்புளிகளையும் துடைத்துச் சந்தனம் வைப்பேன். பொதி கட்டும் மேசையில் இருக்கும் பித்தளைத் தராசைப் புளி போட்டு மினுக்குவேன். முதலாளி அதைப் பார்த்து நல்ல வேலை என்று சொல்லியிருக்கிறார். அந்த வருடம் புளி மிஞ்சியது. பக்கத்தில் அந்த அம்மாவின் துவக்கு. தோளில் வைக்கும் பக்கத்துப் பித்தளைத் தகடும் விசையைச் சுற்றிய வளையமும் கறுத்துப்போய்க் கிடந்தன. ஆயுத பூசையன்று ஓர் ஆயுதம் அப்படிக் கிடப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அடுத்த நாள் காலை, நான் இருக்கும் மல்வேர்னிலிருந்து என்னைத் தன் வான் வண்டியில் வேலைக்கு ஏற்றிப் போகும் அண்ணையிடம் சொன்னேன். அவர் அங்கே தளபாடப் பக்கத்தில் இருபது வருடமாக இருப்பவர்.

"இப்ப தங்கம் மாதிரி மின்னுது அண்ணை."

அவர் வானை ஓரமாக நிறுத்தினார்.

"விசரா, உந்தக் கறுப்புக்குத்தானடா அவங்கள் காசு குடுக்கிறவங்கள்."

அந்தக் கறுப்புத் தானாகப் படிய எத்தனையோ காலம் எடுக்கும், மினுக்கியதைக் கண்டால் பாதி விலைக்கும் கேட்கமாட்டார்கள் என்று விளங்கப்படுத்தினார். பிறகு சொன்னார்:

"படம் முதலே எடுத்தாச்சு. ஃபோனிலை விலை கேக்கிறவன் படத்தைப் பாத்துத்தான் கேப்பான். நீ வாயைத் திறவாதை. உனக்கு அது நல்லா வருமே."

ஒஷாவா வரும்வரை அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். சொன்னால் அந்த அம்மாவின் விலை விழும். சொல்லாவிட்டால், வாங்கியவன் திருப்பி அனுப்புவான். அப்போது குளிரும் வந்துவிடும், அவர் கையில் ஒன்றும் இராது.

நேரே முதலாளியின் அறைக்குப் போனேன். புளிக்கு ஆங்கிலத்தில் என்ன சொல் என்று எனக்குத் தெரியவில்லை. கையால் தேய்த்துக் காட்டினேன். அவர் வந்து துவக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரும்பைத் தொட்டாயா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றதும், அப்படியென்றால் முழுவதும் கெட்டுவிடவில்லை என்றார். அந்த அம்மாவுக்குச் சொல்லி, புதுப் படம் எடுத்து, பட்டியலில் ஒரு வரி சேர்த்தார். பார்வையிடும் நாளில் துவக்குக்குப் பக்கத்தில் நின்று, வருகிறவர்களிடம் நீயே சொல் என்றார்.

எனக்கு அதைவிடப் பெரிய தண்டனை இல்லை. தெரியாத ஒருவரிடம் நேரம் கேட்கவே கூசுகிறவன் நான். நாள் முழுவதும் சொன்னேன். சிலர் உச்சுக்கொட்டினார்கள். ஒருவர் டோர்ச்சை அணைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

ஏலத்தில் கேட்ட விலை இரண்டாயிரத்து எண்ணூறு டொலரில் நின்றது. முதலாளி வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் காத்திருந்துதான் சுத்தியலைத் தட்டினார். தன் கொமிசனை எடுக்கவில்லை. தராசு மின்னியபோதே நான் உனக்குச் சொல்லித் தந்திருக்க வேண்டும் என்றார்.

ஏலம் முடிந்து அந்த அம்மா என்னிடம் வந்தார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். யாரோ பாவித்த பழைய ஃபேர்னஸ் ஒன்று பூட்டப்போகிறேன், குளிருக்குப் போதும் என்றார். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. போகத் திரும்பியவர் நின்று, எதைப் போட்டு மினுக்கினாய் என்று கேட்டார். வாசல் கதவில் ஒரு பித்தளைப் பிடி இருக்கிறதாம், கணவர் அதையும் தொட விட்டதில்லையாம்.

அடுத்த கிழமை தமிழ்க் கடையில் ஒரு சின்னப் பக்கெற் புளி வாங்கி, அவரிடம் கொடுக்கும்படி முதலாளியிடம் கொடுத்தேன். இது என்ன என்று கேட்டார். சொன்னேன். அவர் கூடத்தில் கிடந்த பித்தளைச் சாமான்களை ஒருமுறை பார்த்துவிட்டு, அதைத் தன் மேசை லாச்சிக்குள் வைத்து, அந்த அம்மா வரும்வரை பூட்டியே வைத்திருந்தார்.