யோகராஜா யாருக்காகவும் நிற்பதில்லை

"சுவிஸில இருந்து பழகினவன் நான். ஒருத்தருக்காகவும் காத்து நிக்க மாட்டன். சுவிஸ் ரயில் மாதிரி, நேரம் வந்தா வெளிக்கிட்டிடுவன். வந்தவன் ஏறலாம், வராதவன் நிக்கலாம்."

லண்டன் பிளேஸ்டோவில் வசித்த யோகராஜா இந்தப் பிரகடனத்தை வெளியிட்ட இடம் ஒரு செத்தவீடு. பிரேதம் வரும் வண்டி தெருநெரிசலில் சிக்கிப் பிந்திவிட்டது. கூடியிருந்த ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. பிரேதம் வந்து சேர்ந்த பிறகு அதுவும் மறுக்கவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் சுவிற்சர்லாந்துக்குப் போய், மலைக்கிராமத்து ஹோட்டல் ஒன்றில் கோப்பை கழுவி, பிறகு மனைவி தவநாயகியோடும் மகள் கோதையோடும் லண்டன் வந்தவர் அவர். அந்த நாட்டு ரயிலில் பயணம் செய்தது தவிர அதற்கும் அவருக்கும் வேறு தொடர்பில்லை. ஆனாலும் தண்டவாளம் போட்டதே தான்தான் என்பதுபோலப் பேசுவார்.

"இலங்கையை விடச் சின்ன நாடு! மலையைக் குடைஞ்சு ரயில் விட்டிருக்கிறான். இந்த இங்கிலீசுக்காரங்கள் உலகத்தையே பிடிச்சு ஆண்டவங்களாம். தண்டவாளத்தில இலை விழுந்தா ரயில் ஓடாதாம்!"

கோபத்தில் நியாயம் இல்லாமலில்லை. அந்நாளைய லண்டனில் வருஷம் தவறாமல் நேரத்துக்கு வந்து சேர்ந்தது டிக்கெட் விலையேற்றம் ஒன்றுதான். ரயில் பிந்தினால் ஒலிபெருக்கியில் ஒரு குரல் ஆழ்ந்த வருத்தம் தெரிவிக்கும். வருத்தம் தெரிவிக்க ஆள் வைத்தவர்களுக்குச் சிக்னலைத் திருத்த ஆள் வைக்கத் தோன்றவில்லை. பேக்கரியில் காலை ஷிப்டுக்குப் பிந்தியதற்காக யோகராஜாவின் சம்பளம் வெட்டப்பட்டது. ஒலிபெருக்கியின் சம்பளத்தை எவனும் வெட்டவில்லை.

ரயில் நிர்வாகத்தின் சட்டையைப் பிடிக்க முடியாதவர், கைக்கெட்டிய சொந்தக்காரரின் சட்டையைப் பிடித்தார். ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு கலியாணத்துக்குப் புறப்படும்போது, தவநாயகியின் ஒரே தம்பி பாலேந்திரா கழுத்துப்பட்டியை எடுக்க வீட்டுக்குள் திரும்பி ஓடினான். வெளியே வந்தபோது யோகராஜாவின் வான் போய்விட்டிருந்தது. அன்றிலிருந்து மச்சான்மார் இருவருக்கும் பேச்சில்லை.

இந்த நிலைமையில்தான், தொண்ணூற்றிரண்டில், கோதை பெரியபிள்ளையானாள். சடங்கில் தாய்மாமன்தான் தலையில் பாலும் அறுகம்புல்லும் வைத்து முதல் தண்ணீர் வார்க்கவேண்டும். தாய்மாமனோ நகரத்தின் மறு அந்தமான ரெய்னர்ஸ் லேனில்.

"வானில போய்க் கூட்டிக்கொண்டு வாங்கோவன்" என்று தவநாயகி கெஞ்சினாள்.

"ரயில் இருக்குத்தானே? வரட்டும். இவ்வளவு காசு வாங்கிறாங்கள், ஓடட்டும்!"

ஓடியது. பாதி வழியில் நின்றது. பாலேந்திரா ஏதோ ஒரு ஸ்டேஷனிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டான். "அக்கா, சிக்னல் பழுதாம். எல்லாரையும் இறக்கி விட்டிட்டாங்கள். அடுத்தது எப்ப வருமெண்டு ஒருத்தனுக்கும் தெரியேல்ல."

கோதை பழைய சட்டையோடு பலகையில் குந்தியிருந்தாள். சடங்கை நடத்த வந்த பக்கத்து வீட்டு அருமைநாயகி மாமி மணிக்கூட்டைப் பார்த்தா. "நல்ல நேரம் முடியப்போகுது தம்பி."

யோகராஜா சன்னதம் கொண்டார். "எனக்கு அப்பவே தெரியும்! இந்த நாட்டு ரயிலும் என்ர மச்சானும் ஒரே சாதி! வாசலில நிக்கிற ஆரையாவது கூப்பிடுங்கோ, தண்ணியை வார்த்து முடிப்பம்."

"முடிப்பியள்" என்றாள் தவநாயகி. அவள் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "தாய்மாமன் உயிரோட இருக்க, ரோட்டில போறவன் என்ர பிள்ளைக்குத் தண்ணி வார்ப்பானோ? சுவிஸ், சுவிஸ் எண்டு கத்திறியள். இவளுக்குக் காய்ச்சல் எண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பின அண்டைக்கு என்ன நடந்தது? உங்கட சுவிஸ் ரயில் பிந்தித்தானே வந்தது?"

"அது... அண்டைக்குப் பனி."

"ஓம், பனி. மலைக்குப் போற கடைசி மஞ்சள் பஸ் எங்களை விட்டிட்டுப் போனதோ? ரயில் வரட்டுமெண்டு டிரைவர் கீழ இறங்கி நிண்டவன். நீங்கள் அவன்ர கையைப் பிடிச்சு அழுதனீங்கள். அதை ஏன் ஒரு செத்தவீட்டிலயும் சொல்லுறியள் இல்லை?"

சுவிற்சர்லாந்தின் அதிகாரபூர்வமற்ற போக்குவரத்து அமைச்சர் பட்டு வேட்டிக்கு மேலே குளிர்கோட்டை மாட்டிக்கொண்டு, கதவை வேண்டிய அளவுக்கு அடித்துச் சாத்திவிட்டுப் போனார்.

பிளேஸ்டோ ஸ்டேஷனில் ஒரு ரயில் வந்தது, பாலேந்திரா இல்லை. இன்னொன்று வந்தது, இல்லை. ஒலிபெருக்கி வருத்தம் தெரிவித்தது. யோகராஜா யாழ்ப்பாணத் தமிழில் அதற்குத் தக்க பதில் சொன்னார். பிறகு வாசலில் இருந்த தொலைபேசிக்குள் காசு போட்டார்.

"தவம், வந்த ஆக்களுக்குத் தேத்தண்ணி குடு. ஒருத்தரையும் எழும்ப விடாதை."

"நல்ல நேரம் முடிஞ்சுதாம். மாமி சொல்லுறா."

"முடிஞ்சா முடியட்டும்" என்றார் யோகராஜா மெல்ல. "நான் அடுத்த ரயிலையும் பாத்திட்டு வாறன்."